ஏழு சிப்பிகளும் ஓர் உருண்டைப் பழப்புளியும்

1

வேலை செய்யும் இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டாகிவிட்டது. அந்தப் பிழையை என்னிடமிருந்து எடுத்து ஒரு தண்ணீர்க் குழாயின் தலையில் போடப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

என் பெயர் தவராசா. வயது ஐம்பத்து நான்கு. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் சாமான் கடையில் வேலை பார்த்தேன். பிறகு மனைவியோடும் நாலு வயது மகளோடும் படகில் இந்த நாட்டுக்கு வந்தேன். இந்த மாதத்தோடு பதின்மூன்று வருடம் முடிகிறது. சிட்னியின் மேற்குப் பக்கம், பிளாக்டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம்.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. தெரியாத இலக்கத்திலிருந்து தொலைபேசி அடித்தால் மனைவி யோகாவிடம் நீட்டிவிடுவேன். கடையில் தவறுதலாக மாற்றித் தந்த சாமானைத் திருப்பிக் கொடுக்கவும் கூச்சப்பட்டு அதையே பாவித்துவிடுவேன். இதையும் சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது பெரிய விஷயம் என்று உங்களுக்குப் படாது.

2

நான் வேலை செய்வது ஒரு நூதனசாலையின் களஞ்சியத்தில். மக்கள் பார்க்க வரும் இடம் வேறு. காட்சிக்கு வைக்காதவை எல்லாம் இங்கே இருக்கும். ஆரம்பத்தில் தரை துடைக்கத்தான் வந்தேன். துப்புரவுக் கம்பனி ஒன்றின் மேற்பார்வையாளர் சிவநாதன் அண்ணை சேர்த்துவிட்டார். நான் எதையும் உடைக்காமல் துடைக்கிறேன் என்று கண்டு, சிப்பிப் பிரிவுக்குப் பொறுப்பான மார்கரெட் என்னைக் கேட்டு வாங்கினார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அவருடைய பிரிவில் பழைய காகிதப் பெட்டிகளை மாற்றிப் புதிய பெட்டிகள் போடுகிறேன். மிச்ச நாட்களில் தரை.

நான் கை வைத்த அலுமாரி தென்னமெரிக்க ஆற்றுச் சிப்பிகளுடையது. கடலில் வாழ்பவை அல்ல. நல்ல தண்ணீரில், சேற்றில் பாதி புதைந்து, வாயை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சி வடித்து வெளியே விடுகிறவை. அவை உள்ள ஆறு தெளிவாக இருக்கும். வெளிப்பக்கம் கறுப்பு, கரும்பச்சை, மண்ணிறம். திறந்தால் உள்ளே பால் கலந்த வானவில். சில முக்கோணமாய், முதுகில் வரி வரியாய் இருக்கும். சில மூக்குக்கண்ணாடிக் கூடு போல நீளம்.

இந்தச் சிப்பிகளின் உறவுக்காரர்கள் அவுஸ்திரேலிய ஆறுகளிலும் இருக்கிறார்கள் என்று மார்கரெட் ஒருநாள் சொன்னார். ஒரு காலத்தில் அந்தக் கண்டமும் இந்தக் கண்டமும் ஒட்டி இருந்தனவாம். நிலம் பிரிந்தபோது குடும்பமும் பிரிந்து போனதாம். இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஓடும் பொருந்தும் கீலின் அமைப்பில் சாயல் தெரியும்.

அவற்றுக்குப் பெயர் வைத்த கதையையும் சொன்னார். ஒரே சிப்பி, ஓடும் தண்ணீரில் வளர்ந்தால் ஒரு வடிவம், தேங்கிய தண்ணீரில் வளர்ந்தால் இன்னொரு வடிவம். அந்தக் காலத்தில் ஓடுகளை மட்டும் பார்த்தவர்கள் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு சிப்பிக்குப் பத்துப் பெயர். பிற்பாடு வந்தவர்கள் உள்ளே இருந்த உயிரையும், அதன் குஞ்சையும், மரபணுவையும் பார்த்து, இவை எல்லாம் ஒன்றுதான் என்று கண்டார்கள். அப்போது எந்தப் பெயரை வைத்துக்கொள்வது? முதலில் அச்சில் வந்த பெயரை. அது பொருத்தமில்லாவிட்டாலும் அதுதான்.

"முதலில் எழுதியவன் பிழையாய் எழுதியிருந்தால்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் அப்படியே இருக்கும்" என்று சிரித்தார் மார்கரெட்.

நான் குனிந்து என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். அதில் கந்தையா என்று இருந்தது. கந்தையா என் அப்பா. வந்து இறங்கிய அன்று ஒரு அதிகாரி பெயரைக் கேட்டபோது நம் வழக்கப்படி அப்பா பெயரை முன்னால் வைத்துச் சொன்னேன். முன்னால் வந்ததை அவர் என் பெயராகவும் பின்னால் வந்ததைக் குடும்பப் பெயராகவும் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வைத்தியரும் வங்கியும் வேலையிடமும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். திருத்துவதற்கு மூன்று தரம் படிவம் அனுப்பினேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் முள்ளிவாய்க்காலில் போய்விட்டது. ஆகவே நான் கந்தையா.

3

ஒவ்வொரு வியாழன் மாலையும் கோயிலில் விளக்குத் துலக்குவது என் பொறுப்பு. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்வோம். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். பழப்புளியைக் கரைத்து, உப்புச் சேர்த்துத் தேய்த்தால் எந்தக் கறுத்த விளக்கும் பொன்னாகிவிடும். கடையில் விற்கும் எந்தத் திரவமும் அதற்குக் கிட்ட வராது. இந்த விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரு வியாழன் துலக்கி மிஞ்சிய புளி உருண்டை ஒன்று என் சாப்பாட்டுப் பையிலேயே இருந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அதோடு வேலைக்குப் போனேன்.

அன்று மார்கரெட் விடுமுறை. போகுமுன் சொல்லியிருந்தார்: "திங்கட்கிழமை பிரேசிலிலிருந்து லூசியா என்ற ஆராய்ச்சியாளர் வருகிறார். இந்த ஏழு பெட்டிகளையும் பார்க்கத்தான் வருகிறார். எடுத்து வையுங்கள்."

ஏழு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பியின் இடப்பாதி. ஒரு துண்டுக் காகிதத்தில் இலக்கமும் ஆற்றின் பெயரும். அதே இலக்கம் சிப்பியின் உட்புறத்திலும் மையால் எழுதியிருக்கும். ஆனால் அந்த ஏழிலும் உள்ளே செங்கபில நிறத்தில் கறை. எப்போதோ ஒரு தகரப் பெட்டியில் கிடந்து துருப் பிடித்திருக்க வேண்டும். இலக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது.

நான் நினைத்தேன், அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வருகிறார், இலக்கத்தை வாசிக்க முடியாமல் கஷ்டப்படப் போகிறார் என்று. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியும். ஆனால் மார்கரெட் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

புளியைக் கரைத்தேன். கீல் பக்கத்தில் உள்ள சின்னப் பற்கள் நொந்துபோகும் என்று அதை மட்டும் ஒதுக்கிவிட்டு உட்புறத்தைத் தேய்த்தேன். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. அழுக்குக் கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எந்தச் சிப்பி எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கவில்லை. அதுதான் உள்ளே இலக்கம் இருக்கிறதே!

ஈரத்தில் ஏழும் கண்ணைப் பறித்தன. காயக் காய வெளிறின. கடைசியில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி போல ஆகிவிட்டன. கறை போய்விட்டது. மினுக்கமும் போய்விட்டது. இலக்கமும் போய்விட்டது.

சிப்பி என்பது சுண்ணாம்பு. புளி சுண்ணாம்பைத் தின்னும். வாயில் வெற்றிலை போட்ட எவனுக்கும் சுண்ணாம்பைத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் விளக்குத் துலக்கிய கைக்கு அது ஞாபகம் வரவில்லை.

4

சனியும் ஞாயிறும் நான் யோகாவுக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், ஏழையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

மார்கரெட் பார்த்தார். கையை வாயில் வைத்தார். "யார்?" என்றார். நான் என்னைக் காட்டினேன். அவர் திரும்பி வெளியே போனார். அவர் கத்தியிருக்கலாம் என்று பட்டது.

அவரோடு வந்திருந்த லூசியா மட்டும் மிஞ்சினார். நாற்பது வயதிருக்கும். கட்டைத் தலைமுடி, சேறு கண்ட சப்பாத்து. ஒரு சிப்பியை எடுத்து மூக்கருகே கொண்டு போனார்.

"இது என்ன மணம்?"

அதற்கு ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். கடைப் பொட்டலத்தில் எழுதியிருக்கும். சொன்னேன்.

"புளியா! என் அம்மாவின் ஊரில் இதைக் கரைத்துச் சீனி போட்டுக் குடிப்போம்" என்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல வேறு மொழிக்காரரின் ஆங்கிலம். மெதுவாகத்தான் பேசினார். அதனால் எல்லாம் விளங்கியது. இந்த ஏழில் ஒன்று, ஓர் ஆற்றின் மேற்பகுதியில் மிகப் பழைய காலத்தில் எடுத்தது. அந்த இடத்தில் இப்போது அணைக்கட்டு. ஆறு இருந்த இடம் குளமாகிவிட்டது. அந்தச் சிப்பி அங்கே வாழ்ந்தது என்பதற்கு உலகத்தில் அவருக்குத் தெரிந்து இது ஒன்றுதான் அத்தாட்சி.

"அணை கட்டினால் சிப்பிக்கு என்ன? அதுவும் தண்ணீர்தானே?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இந்தச் சிப்பிகளின் குஞ்சுகள் முதலில் மீனில்தான் ஒட்டிக்கொண்டு வளருமாம். செவுளிலோ செட்டையிலோ பிடித்துக்கொண்டு பயணம் போய், கால் ஊன்றும் காலம் வந்ததும் ஏதாவதோர் இடத்தில் உதிர்ந்து விழுமாம். அணை மீனைத் தடுத்துவிட்டால் குஞ்சுகளுக்கு வழியில்லை. பெரிய சிப்பிகள் உடனே சாவதில்லை. பல வருடம் இருக்கும். வந்து எண்ணிப் பார்க்கிறவர்கள் ஆறு நிறையச் சிப்பி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவார்கள். "எல்லாம் கிழடு. ஒரு குஞ்சுகூட இருக்காது" என்றார் லூசியா. எனக்கு வியாழன் மாலைக் கோயில் கண்ணுக்குள் வந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டாம். ஆசியாவிலிருந்து போன கப்பல்கள் தங்கள் அடிவயிற்றில் பாரத்துக்கு ஏற்றிய தண்ணீரோடு ஒரு சின்னப் பொன்னிறச் சிப்பியைக் கொண்டு போய்விட்டனவாம். அது அந்த ஊர்ச் சிப்பிகளின் மேல் கொத்துக் கொத்தாய் ஒட்டி, வாய் திறக்க விடாமல் சாகடிக்கிறதாம்.

அந்நேரம் சிவநாதன் அண்ணை உள்ளே வந்துவிட்டார். மார்கரெட் கூப்பிட்டிருந்தார். கடைசி வசனம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அப்ப அதுவும் எங்களை மாதிரி விசா இல்லாமல் கடலாலை வந்ததோ தவம்?" என்று என் பெயரைச் சுருக்கித் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. "வித்தியாசம் இருக்கண்ணை. அது மற்றவையின்ரை முதுகிலை ஏறி இருக்குது. நான் மற்றவையின்ரை நிலத்தைக் கூட்டுறன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்து வருடத்தில் நான் அவருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

5

சிவநாதன் அண்ணை கெட்டவர் இல்லை. அகதிகளாய் வந்த எத்தனையோ பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, படிவத்தை முன்னால் வைத்தார். சம்பவ அறிக்கை. எல்லாவற்றையும் அவரே நிரப்பியிருந்தார்.

"கையெழுத்து வை. அவ்வளவுதான்."

"என்ன எழுதியிருக்கிறியள்?"

"குழாய் ஒழுகித் தண்ணி பட்டிட்டுது எண்டு. மேலை ஒரு குழாய் உண்மையாவே ஒழுகுறதுதானே?"

"அண்ணை, அது புளி."

"புளி எண்டு எழுதினால் உன்னை நாளைக்கே அனுப்பிப்போடுவாங்கள். கம்பனியின்ரை பேரும் போகும். இனி எங்கடை ஆக்களை எடுப்பினமே? யோசி."

"மார்கரெட்டுக்கு நான் காட்டிப்போட்டனே."

"நீ விரலாலை காட்டினது. வாயாலை ஒண்டும் சொல்லேல்லை. வெருண்டுபோய் நிண்டவன் எண்டு நான் கதைப்பன். உன்ரை ஆங்கிலத்தை ஆர் நம்புறது?"

அதில்தான் எனக்குச் சுட்டது.

இந்த நாட்டுக்கு வந்து இரண்டாம் வருடம் என்னை ஒரு அறையில் வைத்து விசாரித்தார்கள். இந்த ஊரில் இந்தக் கடையில் வேலை செய்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? கடை இல்லை. முதலாளி இல்லை. சம்பளத் துண்டு என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. மொழிபெயர்ப்பாளர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "ஏதாவது ஒரு பேப்பர் இருந்தால் சொல்லுங்கோ." நான் என் கையைக் காட்டினேன். பற்சக்கரத்தில் மாட்டி நுனி போன சின்ன விரலை. அது ஒரு தாள் இல்லை. "சொல்வது உண்மையாக இருக்கலாம்" என்று எழுதினார்கள். அந்த 'இருக்கலாம்' ஒன்றோடு எத்தனையோ வருடம் தற்காலிக விசாவில் கழித்தோம். நிரந்தரம் கிடைத்தது இப்போதுதான்.

ஒரு சிப்பிக்கும் இப்போது அதே கதை. நீ அந்த ஆற்றில் இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? இருந்த ஆதாரத்தை நான் புளி போட்டு அழித்துவிட்டேன். தண்ணீர்க் குழாய் என்று எழுதிவிட்டால் அதோடு முடிந்தது. சிப்பியையும் யாரும் தேடப் போவதில்லை. என்ன நடந்தது என்று சரியாகத் தெரிந்தால்தானே எதை மீட்கலாம் என்று யோசிக்கலாம்?

"நான் கை வைக்கமாட்டன் அண்ணை."

"உனக்கு விசர்."

"ஓம்."

வெறும் படிவம் ஒன்று எடுத்து என் கையால் எழுதினேன். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான்தான் செய்தேன். புளியால் செய்தேன். கீல் பக்கம் தேய்க்கவில்லை. அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் கூட்டம். மார்கரெட், லூசியா, சிவநாதன் அண்ணை, அலுவலகத்திலிருந்து ஒருவர், நான். ஏழு சிப்பியும் எந்த ஆறு என்று தெரியாததால் இனி ஆராய்ச்சிக்கு உதவாது, பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் அறைக்கு அனுப்பலாம் என்று மார்கரெட் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "வலப்பாதிகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன. முன்பொரு காலத்தில் ஒரு பாதியை இங்கே வைத்துவிட்டு மறு பாதியை அங்கே கொடுத்துவிட்டார்கள்."

நான் கையைத் தூக்கினேன். பெரியவர்கள் கூட்டத்தில் கை தூக்கத் தேவையில்லையாம். எனக்குத் தெரியாது.

"அந்த வலப்பாதிகளில் இலக்கம் இருக்கிறதா?"

"இருக்கும். ஆனால் ஒரு இழுப்பறை லாச்சி நிறையக் கலந்து கிடக்கின்றன. நூற்றுக்கணக்கில். தேட எங்களிடம் ஆள் இல்லை."

"நான் இருக்கிறேன்."

"கந்தையா, அது உங்கள் வேலை அல்ல."

"பிழை என்னுடையது. அப்படியென்றால் வேலையும் என்னுடையது. சனிக்கிழமைகளில் வருகிறேன். அதுவரை அந்த ஏழையும் அனுப்பாதீர்கள்."

என் குரல் இவ்வளவு உரத்து வரும் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்துக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். லூசியா மட்டும் சொன்னார்: "நான் இன்னும் நான்கு வாரம் இங்கே இருப்பேன். அவர் முயற்சி செய்யட்டும்."

மார்கரெட் சரி என்று தலையை ஆட்டினார்.

6

மகள் துர்க்காவுக்குப் பதினேழு வயது. வண்டி ஓட்டப் பழகுகிறாள். தனியாக ஓட்டும் உரிமத்துக்கு முன் இத்தனை மணித்தியாலம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க ஓட்டியதாகக் கொப்பியில் பதிய வேண்டும். ஆகவே சனிக்கிழமை என்னை ஏற்றிப் போகச் சம்மதித்தாள். என்னோடு வர விரும்பி அல்ல.

"ஐ நீட் த அவர்ஸ், அப்பா."

பரமட்டா என்ற ஊரைத் தாண்டினோம். ஒரு சிவப்பு விளக்கில் கேட்டாள், "வை டூ யூ ஈவ்ன் கெயார்? இட்ஸ் அ ஷெல்."

"அது இருந்த இடம் இப்ப இல்லை."

"ஸோ?"

"ஸோ, இருந்ததெண்டு ஆராவது சொல்லவேணும்."

பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான். விளக்கு பச்சையாகியிருந்தது. "அப்பா! யூ டிஸ்ட்ராக்டட் மீ" என்று என்னைத் திட்டினாள்.

பிள்ளைகள் அறையில் ஒரு லாச்சியை இழுத்துத் தந்தார்கள். நூற்றுக்கணக்கான வலப்பாதிகள். எத்தனையோ கை பட்டு மழுங்கியவை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

எனக்குச் சோடி சேர்க்கத் தெரியும். கிளிநொச்சியில் பொருளாதாரத் தடைக் காலத்தில் புதிய ஆணியோ நட்டோ வராது. பழைய சைக்கிள்களைக் கழற்றி, ஒரு பெரிய தாச்சியில் போல்ட்டையும் இன்னொன்றில் நட்டையும் போட்டு வைத்திருந்தோம். முதலாளி எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் கண்ணை நம்பாதே என்பதுதான். பார்வைக்கு ஒரே அளவாய் இருக்கும், பூட்டினால் இடறும். விரலுக்குத் தெரியும். ஒரு நட்டு தன் சொந்த போல்ட்டில் ஏறும்போது எதுவும் தடுக்காது.

சிப்பியின் கீலும் அப்படித்தான். ஒரு பாதியில் பல், மறு பாதியில் அதற்கென்று பள்ளம். இரண்டும் ஒரே உயிரின் உடம்பில் சேர்ந்து வளர்ந்தவை. வேறு சிப்பியின் பாதியை வைத்தால் ஒரு மயிரிழை ஆடும். சொந்தப் பாதி என்றால் ஆட்டம் இல்லை, ஓரத்தில் வெளிச்சம் வராது. பல்லுப் பக்கத்தில் புளி படாமல் விட்டேனே, அது இப்போது கை கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன்.

முதல் சனிக்கிழமை இரண்டு சேர்ந்தன. அடுத்த சனிக்கிழமை மூன்று. மூன்றாவது சனிக்கிழமை ஒன்று. ஒவ்வொரு வலப்பாதியிலும் உள்ளே இலக்கம் அப்படியே இருந்தது. ஆறு சிப்பிகளுக்கு அவை வாழ்ந்த ஆறு கிடைத்தது. அணை கட்டிய ஆற்றின் சிப்பி, அந்த அணைக்கட்டுக்காரன், மட்டும் கிடைக்கவில்லை; மிஞ்சியது அதுதான் என்று கழித்துப் பார்த்துச் சொன்னால் போதாது, அதன் வலப்பாதியும் இலக்கமும் வேண்டும் என்றார் லூசியா.

அவனுக்குப் பல்லே இல்லை. தென்னமெரிக்காவில் அப்படியும் ஒரு குடும்பம் இருக்கிறதாம். கீல் முழுக்க வழவழப்பு, பற்கள் எதுவும் இராது. ஓடும் மெல்லியது. அந்த வகையில் பத்துப் பன்னிரண்டு வலப்பாதிகள் அந்த லாச்சியில் கிடந்தன. எதை வைத்தாலும் எல்லாம் ஓரளவுக்குப் பொருந்தின. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாலாவது சனிக்கிழமை. லூசியா அடுத்த செவ்வாய் ஊர் திரும்புகிறார். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துர்க்கா சற்றுத் தள்ளித் தொலைபேசியோடு.

விரலை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தேன். உட்புறத்தை நான்தான் அழித்தேன், வெளிப்புறத்தை அழிக்கவில்லையே. திருப்பினேன். வெளியே வருடா வருடம் வளர்ந்த கோடுகள். ஓரிடத்தில் கோடு உள்ளே மடங்கி, பிறகு மெல்ல மெல்ல நேராகியிருந்தது. எப்போதோ ஒரு அடி. மீன் கடித்திருக்கலாம், கல் உருண்டிருக்கலாம். காயத்தை மூடிக்கொண்டு மேலே வளர்ந்திருக்கிறது. இரண்டு ஓடும் மூடியிருக்கும்போது அடி பட்டிருந்தால் மறு பாதியிலும் அதே இடத்தில் அதே வயதுக் காயம் இருக்க வேண்டும்.

பன்னிரண்டையும் முதுகு மேலே தெரிய அடுக்கினேன். ஒன்பதாவதில் இருந்தது. விளிம்பிலிருந்து அதே தூரம், அதே மடிப்பு, அதற்குப் பிறகு வந்த கோடுகளும் அதே எண்ணிக்கை. திருப்பினேன். இலக்கம். அணைக்கட்டு ஆற்றின் இலக்கம்.

லூசியா பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். இரண்டையும் சேர்த்து மூடினார், திறந்தார், மூடினார்.

"நான் நம்புகிறேன்" என்றார். "ஆனால் பல் இல்லாத சிப்பி. எழுதும்போது 'இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. "எழுதுங்கள்" என்றேன். "எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் 'இருக்கலாம்' என்று எழுதிவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. அது தன் அலுமாரிக்குத் திரும்பிப் போக வேண்டும்."

"அலுமாரிக்குத்தான் போகும்" என்றார். ஊருக்குப் போய் அழிந்துவரும் சிப்பிகளின் பட்டியலுக்கு எழுதும்போது இதை முன்வைப்பேன் என்றும் சொன்னார். இருந்ததற்குச் சாட்சி இல்லாத இடத்தில், இல்லாமல் போனதை யாரும் எண்ணுவதில்லையாம்.

திரும்பி வர வண்டியில் ஏறியதும் துர்க்கா கொப்பியைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, நீங்கள் அந்த லேடியிட்டை கத்தினியள்."

"கத்தேல்லை."

"யூ கைண்ட் ஒஃப் டிட்" என்றாள். பிறகு, "இட் வொஸ் குட்" என்றாள். கொப்பியில் மணித்தியாலத்தைப் பதிந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

7

நூதனசாலையில் பழைய காகிதத் துண்டை எறிவதில்லை. என்ன பிழை நடந்தாலும் அதன்மேல் புதிய துண்டு ஒன்று எழுதி வைப்பார்கள். எப்போது, யாரால், என்ன செய்யப்பட்டது என்று. நூறு வருடம் கழித்துத் திறக்கிறவருக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை மார்கரெட் ஏழு புதிய துண்டுகளோடு வந்தார். என்னோடு அவர் பழையபடி பேசத் தொடங்கியது அன்றுதான். வேலையும் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தந்தார்கள். அதைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். யோகா கழற்றச் சொல்கிறாள். நான் கழற்றவில்லை.

துண்டுகளில் அச்சடித்திருந்தது இப்படி: உட்புறம் புளியால் சுத்தம் செய்யப்பட்டதில் இலக்கம் அழிந்தது. வலப்பாதியோடு பொருத்தி இடம் மீட்கப்பட்டது. இரண்டையும் செய்தவர், கந்தையா.

"இது பிழை" என்றேன்.

மார்கரெட் கண்ணாடியைச் சரிசெய்தார். "எந்த இடம்?"

"பெயர்."

"உங்கள் அட்டையில் இருப்பது இதுதான். அலுவலகப் பதிவிலும் இதுதான்."

"அது என் அப்பா. அவர் கொழும்புக்குக்கூட இரண்டு தரம்தான் போனவர். ஒரு சிப்பிக்கும் அவர் ஒரு தீங்கும் செய்யவில்லை. இதை அவர் தலையில் போட விட மாட்டேன்."

"பதிவை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

"பதிவை மாற்ற வேண்டாம். இந்தத் துண்டை மாற்றுங்கள்."

முதலில் எழுதியது நிலைக்கும் என்று அவர்தான் சொன்னவர். அதை அவரும் நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சிரித்தார். ஏழு வெறும் துண்டுகளையும், தண்ணீர் பட்டாலும் அழியாத கறுப்பு மை நிரப்பிய பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

ஏழு தரம் எழுதினேன். அணைக்கட்டுக்காரனின் துண்டில் 'இருக்கலாம்' என்பதையும் சேர்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் தவராசா என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழ் தமிழிலும் எழுதினேன். இந்த நாட்டில் ஒரு தாளில் என் பெயர் என் பெயராக இருப்பது இதுதான் முதல் தடவை. விட்ட பிழைக்கும் அதைத் திருத்திய வேலைக்கும் கீழே இருக்கிறது.

கழுத்து அட்டையில் இன்னும் கந்தையாதான். நேற்று நாலாவது படிவம் அனுப்பினேன். திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும், ஐந்தாவதையும் நிரப்புவேன். தென்னமெரிக்கச் சிப்பிகள் உள்ள அந்த அலுமாரியில், மேலிருந்து மூன்றாம் தட்டில், பிழை விட்டவன் யார் என்று சரியாக எழுதியிருக்கிறது. அதில் என் அப்பாவை யாரும் குறை சொல்ல முடியாது.